களிம்புக்கு முன்னால்

ஜூன் 6
இன்றும் ஸ்கூட்டரில் பாதி வழியிலேயே காந்தல் ஆரம்பித்துவிட்டது. பெண்ணுறுப்பின் வாசலில் மிளகாய் பட்டதுபோல. வெள்ளைப்படுதல் இல்லை, புண் இல்லை, அரிப்புமில்லை. போன இடத்திலெல்லாம் பார்க்காமலேயே பூஞ்சைக் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு டாக்டர், “குழந்தை பிறந்தா சரியாயிடும்” என்றார். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே உயிர் போகிறது; குழந்தை எங்கிருந்து வரும்?

ஜூன் 11
புது டாக்டர். “தானா வலிக்குதாம்மா, பட்டாத்தான் வலிக்குதா?” இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் விசாரித்தார். பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியால் தொடையின் உட்பக்கம் தொடங்கி, கடிகார எண்களின் வரிசையில் ஒவ்வொரு இடமாக மெல்லத் தொட்டார். பத்துக்கு எத்தனை வலி என்று நான் சொல்ல வேண்டும். வெளி உதட்டில் சைபர். உள்வாசலின் கீழ்ப்பக்கம், ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில், துள்ளிவிட்டேன். எட்டு.

ஜூன் 18
ஆய்வக முடிவில் பூஞ்சை இல்லை. தோல் நோயும் இல்லையாம். மூன்று மாதமாவது நீடித்து, வேறு காரணம் பிடிபடாத இந்த வலிதான் வல்வோடினியா. 2015இல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த வரையறை. “மனசுல இருக்குன்னாங்க, டாக்டர்.” “வலி நெசம்மா. நரம்பு ரொம்ப உஷாரா இருக்கு. பயத்துல தசை இறுகுது, இறுகினா இன்னும் வலிக்குது.”
பழைய களிம்பும் சோப்பும் நிறுத்தம். வெறும் தண்ணீர், பருத்தி உள்ளாடை, மரத்துப்போக 5 சதவீத லிடோகெய்ன், இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மாத்திரைப் பெயரை போனில் தேடிய அத்தை, “இது மனச்சோர்வுக்குள்ளதாச்சே?” என்றார். குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள் என்று விளக்கினேன்.

ஜூலை 2
காலையில் நாக்கு வறள்கிறது, மாத்திரையின் வேலை. பிசியோதெரபிஸ்ட் இடுப்புத்தளத் தசையை இறுக்கச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். “அதைப் பண்ணாதீங்க, ஏற்கெனவே இறுகித்தான் கிடக்கு. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழே விட்டுக்கொடுங்க.” விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20
அதே குச்சி, அதே இடம். இன்று ஐந்து. “அறுவை சிகிச்சை இருக்கு, ஆனா அது கடைசி” என்றார் டாக்டர். இப்போதைக்குத் தேவைப்படாதாம். இரவு சித்தி பெண் போன் செய்து, அவளுக்கும் எரிச்சலாம், என்ன களிம்பு என்று கேட்டாள். பெயர் சொல்லவில்லை. முதலில் தொட்டுப் பார்த்துச் சொல்கிற டாக்டரைத் தேடு என்றேன்.