டக்... டக்... குறிஞ்சிப்பாடி ரூட்டுல ஒரு 800!

கடலூர்ல இருந்து விருத்தாசலம் பஸ் ஏறினீங்கன்னா, வடலூருக்கு முன்னாடி வர்றதுதான் எங்க குறிஞ்சிப்பாடி. ஜன்னலோரம் தூங்கிட்டா மிஸ் பண்ணிடுவீங்க! லுங்கிக்குப் பேர் போன ஊர். தெருவுக்குள்ள நுழைஞ்சா தறிச் சத்தம்தான் வரவேற்கும்.

அந்தச் சத்தத்துக்குப் போட்டியா போன வருஷம் எங்க வீட்டுல ஒரு சத்தம் கிளம்புச்சு. அப்பாவோட மாருதி 800ல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா மட்டும், முன் சக்கரத்துல 'டக்... டக்... டக்'. மெக்கானிக்கல் படிக்கிற நான் என்ன பண்ணியிருக்கணும்? குனிஞ்சு பார்த்திருக்கணும். என்ன பண்ணினேன்? பாட்டு வால்யூமைக் கூட்டிட்டேன்!

காரணம், குற்றவாளியே நான்தான். வண்டி ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தரையோட ஒட்டி நிக்கணும்னு ஸ்பிரிங்கை வெட்டி இறக்கி, அகலமான செகண்ட் ஹேண்ட் வீலும் போட்டிருந்தேன். வெளிய சொல்ல முடியுமா?

ஒரு ராத்திரி ஆயாவுக்கு மூச்சுத் திணறல். கடலூருக்குப் பறந்தோம். குள்ளஞ்சாவடி தாண்டினதும் 'படார்'! என்ஜின் ஓடுது, கியர் விழுது, வண்டி மட்டும் நகரல. பின்னாடி வந்த மினி லாரி அண்ணன் ஒருத்தர்தான் ஆயாவை ஏத்திட்டுப் போனார். ஆயா இப்போ நல்லா இருக்காங்க. ஆனா, அன்னைக்கு அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அரியரை விடக் கொடுமை பாஸ்!

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழட்டிக் காட்டினார். 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரியில தயாரிப்பு நின்ன இந்த 796 சிசி வண்டிக்கு முன் சக்கரம்தான் இழுவை. அதே சக்கரம்தான் திரும்பவும் செய்யணும். திரும்பிக்கிட்டே சுத்தணும்னா, ஆக்சில் முனையில குண்டுகள் வச்ச ஒரு மூட்டு வேணும். அதுதான் சி.வி. ஜாயின்ட். அதுக்குள்ள கிரீஸ், மேல ரப்பர் பூட். பூட் கிழிஞ்சா கிரீஸ் வெளிய, மண் உள்ள! குண்டும் தடமும் தேய்ஞ்சு 'டக் டக்'னு அழும். அப்பவும் கண்டுக்கலைன்னா உடையும். ஒரு பக்கம் உடைஞ்சாலே டிஃபரன்ஷியல் சுழற்சியை எல்லாம் அந்தப் பக்கமே வீணாக்கிடும். கார் நின்னுடும்.

எங்க ஏரியா மண்ணு லேசுப்பட்டதில்லை. நெய்வேலியில லிக்னைட்டுக்கு மேல மூடியிருக்கிறது கடலூர் மணற்பாறை. 1957ல ஆரம்பிச்ச சுரங்கத்துக்கு ஜெர்மனியில இருந்து வந்த ராட்சத வாளிச் சக்கர இயந்திரங்களோட இரும்புப் பல்லையே தேய்ச்ச பாறை அது. ரப்பர் பூட் எம்மாத்திரம்?

சரி, மாடிஃபிகேஷன் ஆசையில இருக்கீங்களா? என் காசு போன பாடம், உங்களுக்கு ஃப்ரீ!

ஸ்பிரிங் வெட்டினா: ஆக்சில் கோணம் மாறும், பூட் சீக்கிரம் சாகும்.

பெரிய சக்கரம் போட்டா: வெயிட்டும் விட்டமும் கூடும். கிளட்ச் திணறும், பேரிங் கதறும்.

டிஃபரன்ஷியலை வெல்டு வச்சா: மண் தரையில சூப்பர். தார் ரோட்டுல திரும்பும்போது ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தி ஆக்சிலை முறுக்கும்.

பெரிய என்ஜின் மாத்தினா: கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக் மூணையும் சேர்த்து மாத்தணும். அதோட, பதிவுச் சான்றுல இருக்கிற கம்பெனி அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவை வச்சு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ரேஸ் ஆசைன்னா காலேஜ் பாஹா டீம்ல சேருங்க!

அப்ப நல்ல மாடிஃபிகேஷனே இல்லையா? இருக்கே! நல்ல பூட், புது கிரீஸ், இறுக்கமான கிளிப், ஒரிஜினல் சைஸ் டயர். சில நூறு ரூபாயில முடிஞ்சிருக்க வேண்டிய வேலைக்கு நான் முழு ஆக்சில் வாங்கி அழுதேன்.

இப்போ மாசம் ஒரு தடவை டார்ச்சோட வண்டிக்கு அடியில படுத்துடுவேன். திண்ணையில இருந்து ஆயா கேட்கும்: "டேய், சத்தம் வருதா?"

"இல்ல ஆயா!"

உங்க வண்டி எப்படி? பாட்டை நிறுத்திட்டு ஒரு தடவை திருப்பிப் பாருங்களேன்!