சாக்பீஸுக்குத் தெரியாத விரிசல்

திருவொற்றியூர் என்றதும் சிலருக்குத் தியாகராஜர் கோயிலும் பலருக்குப் புல்லட்டும் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கைகோத்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை இங்கேதான் வந்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் பார்வைக்கு இரும்பு யானை. ஆனால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் எஃகு இல்லை, அலுமினியக் கலவை!

எடை குறைவு, நல்லதுதான். சிக்கல் வேறு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை இழுத்து அமுக்கினாலும் எஃகு தாங்கும் என்று ஓரளவு நம்பலாம். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 1,80,000 தடவை அந்த ராட் இழுபடுகிறது. திருச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஏறக்குறைய 20 லட்சம்.

விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் பட்டறைகளில் ஒரு பழைய வழி உண்டு. பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுவார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். (இதையே சிவப்புச் சாயம் வைத்துச் செய்தால் பெயரும் பெரிது, விலையும் பெரிது.)

அருமையான சோதனைதான். ஆனால் அதில் தெரிவது வளர்ந்து ஆளான விரிசல். வழவழப்பான ஒரு பாகம் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிப்பது, விரிசல் கண்ணுக்கே தெரியாத பருவத்தில்.

அந்தப் பருவத்தில் என்ன நடக்கிறது? அலுமினியம் ஒரே பிண்டம் அல்ல. நெருக்கிக் கட்டிய நுண்ணிய படிக மணிகளின் கூட்டம். நடுநடுவே இரும்பு கலந்த கடினத் துகள்கள். பெரும்பாலும் அத்துகள் ஒன்று உடையும் இடத்தில்தான் விரிசல் பிறக்கிறது. பிறந்த விரிசல் அந்த ஒரு மணிக்குள் வழுக்குத் தளத்தில் விறுவிறுவென்று ஓடும். அடுத்த மணியின் எல்லை வந்ததும் தயங்கும், ஏனென்றால் அங்கே அடுக்கு வேறு திசையில் இருக்கிறது. சில விரிசல்கள் அங்கேயே நின்றுவிடும். சில, திசை மாற்றிக்கொண்டு மறுபடி ஓடும்.

நீண்ட விரிசலுக்கான கணக்குப்படி பார்த்தால் இத்தனை சிறியது நகரவே கூடாது. நகர்கிறது என்று அலுமினியக் கலவைகளில் 1975-லேயே பியர்சன் என்ற ஆய்வாளர் காட்டினார். நீண்ட விரிசலுக்குப் பின்னால் அதன் இரு முகங்களும் ஒன்றோடொன்று முட்டி, முனைக்கு வரும் சுமையைக் கொஞ்சம் குறைக்கும். குட்டி விரிசலுக்குப் பின்னால் அப்படி முட்டிக்கொள்ள எதுவுமே இல்லை.

இன்னொரு வேடிக்கை: மணிகள் பொடியாக இருந்தால் எல்லைகள் அதிகம், குட்டி விரிசல் அடிக்கடி தடுக்கி விழும். ஆனால் விரிசல் நீண்டுவிட்டால் பெரிய மணிகளே உதவுகின்றன. பாதை கோணல்மாணலாகி, கரடுமுரடான முகங்கள் முட்டி வேகம் குறையும். எதிலிருந்து தப்ப வேண்டும் என்று முடிவு செய்தால்தான் எந்த மணி வேண்டும் என்றே சொல்ல முடியும். ராடுக்குப் பதில் சுலபம். சுமை ஏறும் வேகத்தில் விரிசல் நீளமான பிறகு காப்பாற்ற நேரமிருக்காது.

அலுமினிய ராடுக்கு மெருகு போடும்போது உப்புத்தாளை நீளவாக்கிலேயே தேய்க்கச் சொல்வதும் இதனால்தான். குறுக்கே விழுந்த ஒரு ஸ்க்ரூடிரைவர் கீறல் போதும், விரிசல் பிறக்கத் துகளைத் தேட வேண்டியதில்லை.