ஆட்டமும் வழக்கும்

சென்ற ஆண்டு எங்கள் விடுதிக் கிரிக்கெட் அணிக்கு நான் செயலாளனாக இருந்தேன். மட்டை பிடிப்பதிலோ பந்து வீசுவதிலோ எனக்குத் திறமை கிடையாது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். ஆகவே அறிவிப்புகளை எழுதிப் பலகையில் ஒட்டுவதும், அவற்றின் படியை ஏட்டில் சேர்த்து வைப்பதும் என் வேலையாயின. அந்த ஏட்டில் இரண்டு அறிவிப்புகள் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த நாள் முதலாக என் மனம் அமைதியாக இல்லை.

முதல் அறிவிப்பு ஆகஸ்டு மாதத்தது. எங்கள் மாற்று ஆட்டக்காரர்களுள் ஒருவன் கடைத்தெருவில் யாரோடோ கைகலந்து, காவல் நிலையம் வரை போய்வந்தான். "அணியின் நற்பெயரை முன்னிட்டு" அவன் நீக்கப்பட்டான். அதற்காக ஒரு கூட்டம் கூடவில்லை. நடந்தது என்ன என்று அவனை ஒருவரும் கேட்கவுமில்லை.

இரண்டாம் அறிவிப்பு நவம்பர் மாதத்தது. எங்கள் வேகப்பந்து வீச்சாளன் ஓர் இரவு விடுதிக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில், கைப்பேசி வழியாக அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சச்சரவிட்டான். வாய்ச்சண்டை முற்றியது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த இளைஞனை இவன் பிடித்துத் தள்ள, அவன் விழுந்து கை எலும்பு முறிந்தது. வழக்குப் பதிவாயிற்று. அரையிறுதி ஆட்டத்திற்கோ நான்கே நாட்கள் இருந்தன. இம்முறை கூட்டம் கூடினோம். இரண்டு மணி நேரம் விவாதித்தோம். "குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே. தீர்ப்புச் சொல்ல நாம் யார்?" என்று நான்தான் எழுந்து பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் ஆடினான்; நான்கு விக்கெட்டுகள் வீழ்த்தினான். நாங்கள் வென்றோம்.

நண்பர்களே, நான் பேசிய நீதி நல்ல நீதிதான். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் அந்த நீதி எங்கே போயிருந்தது? மாற்று ஆட்டக்காரனும் நிரபராதியாக இருந்திருக்கலாம் அன்றோ? உண்மையைச் சொன்னால், நாங்கள் எடை போட்டது குற்றத்தை அன்று, பந்துவீச்சை.

இது விடுதி அணியின் சிறுமை மட்டுமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் பெரிய அணிகளிலும் இதே கேள்வி எழுகிறது. களத்திற்கு வெளியே ஓர் ஆட்டக்காரர் வழக்கில் சிக்கினால், அவரை விளையாட்டு அமைப்பு தண்டிக்கலாமா? அல்லது நீதிமன்றத்தின் வேலை என்று விலகி நிற்க வேண்டுமா?

களத்திற்குள் நடக்கும் குற்றத்தைப் பொறுத்தவரை ஐயமில்லை. 2019-இல் கர்நாடகப் பிரீமியர் லீக்கில் சூதாட்டப் புகார் எழுந்து, ஆட்டக்காரர்கள் சிலர் கைதானது பெங்களூர்வாசிகளுக்கு நினைவிருக்கும். அவ்வழக்குகளில் சிலவற்றை 2022 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பணம் பெற்று ஆட்டத்தின் முடிவை மாற்றுவது நேர்மையின்மையாகவும் ஒழுங்கீனமாகவும் இருக்கலாம். ஆனால் அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு கூறிய மோசடி ஆகாது. நடவடிக்கை எடுக்க உரியது கிரிக்கெட் வாரியமே என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆட்டத்தின் நேர்மை ஆட்டத்தை நடத்துவோரின் பொறுப்பு. இது தெளிவு.

களத்திற்கு வெளியே வந்துவிட்டால் இத்தெளிவு மறைந்து விடுகிறது. சாட்சிகளை அழைக்கவோ, தடயங்களைச் சோதிக்கவோ விளையாட்டு அமைப்புக்கு அதிகாரம் இல்லை. 2018 மார்ச்சில் முகமது ஷமியின் மேல் அவருடைய மனைவி புகார் கொடுத்தபோது, கிரிக்கெட் வாரியம் அவருடைய ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. பிறகு அதன் ஊழல் தடுப்புப் பிரிவு, பணம் பற்றிய குற்றச்சாட்டை மட்டும் ஆராய்ந்து, அதில் ஆதாரமில்லை என்றதும் ஒப்பந்தத்தைத் தந்தது. குடும்ப வழக்கைக் காவல்துறைக்கும் நீதிமன்றத்திற்கும் விட்டுவிட்டது. தான் அறியக்கூடியதை மட்டும் ஆராய்ந்த வரையில் அது சரியே.

ஆயின் "வழக்கு முடியட்டும்" என்னும் சொல்லை நம் நாட்டில் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். 1988 டிசம்பரில் பாட்டியாலா நகரில், சாலையில் நிகழ்ந்த ஒரு தகராற்றில் 65 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவருள் ஒருவர் இந்திய அணியின் மட்டையாளர் நவ்ஜோத் சிங் சித்து. 1999-இல் விசாரணை நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2006-இல் உயர்நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2018-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, காயம் விளைவித்ததற்காக ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டும் விதித்தது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் மறுஆய்வு செய்து ஓராண்டுக் கடுங்காவல் என்றது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! இதற்கிடையே அவர் பத்தாண்டு இந்தியாவுக்காக ஆடி முடித்தார், வர்ணனையாளர் ஆனார், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். தீர்ப்பு வரும் வரை காத்திருப்போம் என்று ஒரு விளையாட்டு அமைப்பு சொன்னால், நம் நாட்டில் அதற்குப் பல வேளைகளில் ஒன்றும் செய்ய மாட்டோம் என்பதே பொருள்.

சரி, காத்திராமல் உடனே தண்டித்து விடலாமா? அதன் விலையையும் பார்த்துவிட்டோம். 2022 நவம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியா சென்றிருந்த இலங்கை ஆட்டக்காரர் தனுஷ்க குணதிலக சிட்னியில் ஒரு பெண்ணின் புகாரின் பேரில் கைது செய்யப்பட்டார். இலங்கைக் கிரிக்கெட் வாரியம் உடனே அவருக்கு எல்லா வகை ஆட்டங்களிலும் தடை விதித்தது. அவர் ஊர் திரும்ப முடியாமல் ஆஸ்திரேலியாவிலேயே இருந்து வழக்கை நடத்தினார். 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் தடை நீங்கியது. ஆனால் கைதானபோது அவருக்கு வயது 31. அந்த வயதில் இழந்த ஓராண்டை எந்த வாரியம் திருப்பித் தரும்?

நம் பெங்களூர் அணியிலும் இப்படி ஒன்று நடந்தது. 2012 மே மாதம் ராயல் சாலஞ்சர்ஸ் அணியின் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் லூக் பாமர்ஸ்பாக், தில்லி விடுதி ஒன்றில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தார், அவரை மணக்கவிருந்தவரைத் தாக்கினார் என்ற புகாரில் கைதானார். அணி அவரை உடனே விலக்கி வைத்தது. ஆனால் அதே நாட்களில், அணி நிர்வாகத்தைச் சார்ந்த ஒருவர் புகார் கொடுத்த பெண்ணின் நடத்தையைப் பற்றியே பொதுவெளியில் எழுதிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். பின்னர் இரு தரப்பாரும் சமரசமாகிவிட, வழக்கு தீர்ப்பில்லாமல் முடிந்தது. அந்த இரவில் நடந்தது என்ன என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

நம் தமிழ் மரபு இவ்விஷயத்தில் இரண்டு அரசர்களைக் காட்டுகிறது. பாண்டியன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான். சோழனோ, கன்றை இழந்த பசுவின் முறையீட்டைக் கேட்டு, தேரோட்டியவன் தன் மகனே ஆயினும் விடவில்லை. ஆராயாமல் தண்டித்தல் ஒரு பிழை. வேண்டியவன் என்று விட்டுவிடுதல் இன்னொரு பிழை. நாங்கள் ஆகஸ்டில் பாண்டியன் செய்த பிழையைச் செய்தோம். நவம்பரிலோ சோழன் செய்ய மறுத்த பிழையைச் செய்தோம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். தண்டிப்பது வேறு, விலக்கி வைப்பது வேறு. ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் 2019-இல் ஒரு விதி செய்தது. பதினோராண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றம் ஓர் ஆட்டக்காரர் மேல் சாட்டப்பட்டால், வழக்கு முடியும் வரை அவர் ஆடக்கூடாது. ஆனால் முழுச் சம்பளமும் உண்டு. அணியோடு பயிற்சியும் செய்யலாம். அவர் குற்றவாளி என்று அமைப்பு சொல்வதில்லை. புகழ் பெற்றவருக்கும் புதியவருக்கும் விதி ஒன்றே.

இவ்விதியிலும் குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இதற்கு முதலில் ஆளான ஜாக் டி பெலின் 2019, 2020 ஆகிய இரண்டு பருவங்கள் முழுவதும் ஆடவில்லை. இரண்டு முறை விசாரணை நடந்தும் பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் நடுவர் குழு முடிவுக்கு வர இயலவில்லை. 2021-இல் அரசுத் தரப்பு எஞ்சியவற்றைக் கைவிட்டது. அங்கேயே இப்படியென்றால், வழக்குகள் பல்லாண்டு நீளும் நம் நாட்டில் இவ்விதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெறும் புகாருக்கே விலக்கி வைப்பதும் இங்கே பொருந்தாது. காவல்துறை ஆராய்ந்து, நீதிமன்றம் கடுமையான குற்றச்சாட்டை வனைந்த பின்னரே விலக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தனி நீதிபதி ஒருவர் அம்முடிவை மறுபடி ஆராய வேண்டும். ஊதியத்தை நிறுத்தக் கூடாது. புகார் கொடுத்தவரின் சொல்லையும் கேட்க வேண்டும். அவரைப் பழித்து அணியைச் சேர்ந்த எவரும் பேசக்கூடாது. தண்டனை என்பது தீர்ப்புக்குப் பிறகே.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விதியை முன்கூட்டியே எழுதி வைப்பது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது: எந்த அளவைத் தாண்டினால் முடிவை ஏற்பது என்பதைச் சோதனைக்கு முன்பே குறித்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேடினால், நம் விருப்பத்திற்கு ஏற்ற கோல்தான் கையில் அகப்படும். அரையிறுதிக்கு நான்கு நாள் இருக்கும்போது எனக்கு அகப்பட்டதும் அத்தகைய கோலே.

வழக்கு சமரசமாகி இரண்டு மாதம் கழித்து, அந்தத் தேநீர்க் கடைக்குச் சென்றேன். அதுவரை அந்தப் பக்கமே போகவில்லை. அந்த இளைஞன் தருமபுரிப் பக்கத்தவன். என்னைப் போலவே பிழைப்புக்கும் படிப்புக்கும் ஊர்விட்டு வந்த தமிழருள் ஒருவன். இடக்கையால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான். தயங்கித் தயங்கி நலம் விசாரித்தேன்.

"இப்போ பரவால்ல அண்ணா. ஒரு மாசம் வேலைக்கு வர முடியல. அந்த அண்ணன் ஒரு வாட்டி வந்து பார்த்திருந்தா நாங்க கேஸே குடுத்திருக்க மாட்டோம். உங்கள்ல யாருமே வரலியே" என்றான்.

குற்றம் சுமத்தும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் நாங்கள் விவாதித்தபோது சட்டத்தைப் பேசினோம், அணியைப் பேசினோம், அரையிறுதியைப் பேசினோம். ஐம்பது அடி தூரத்தில் இருந்த அவனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பதினைந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்வாண்டு செயலாளன் வேறொருவன். ஏட்டை அவனிடம் ஒப்படைக்கும் முன், புதிய அணித்தலைவனோடு உட்கார்ந்து ஐந்து வரியில் ஒரு விதி எழுதினோம். அணிக்கூட்டம் அரை மனத்தோடு அதை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் வரி, அடிபட்டவரைச் செயலாளர் அன்றே சென்று காண வேண்டும் என்பது. நீக்கப்பட்ட மாற்று ஆட்டக்காரனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, தான் இப்போது சதுரங்கம் ஆடுவதாகச் சொன்னான். பழைய அறிவிப்புகள் இரண்டையும் கிழித்துவிடலாமே என்றான் புதிய செயலாளன். வேண்டாம், விதிக்கு முன்பக்கத்தில் அவை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி ஏட்டைக் கொடுத்தேன்.