கதவைத் திறக்கும் முன்

1988 டிசம்பர் 27. பஞ்சாபின் பாட்டியாலா நகரில் ஒரு நாற்சந்தி. சாலையின் நடுவே ஒரு ஜிப்ஸி ஜீப் நிற்கிறது. பின்னால் வந்த மாருதி காரில் வங்கிக்குப் பணம் எடுக்கப் போகிறவர்கள். வழி விடும்படி கேட்கிறார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகிறது. காரில் வந்த 65 வயதுப் பெரியவர் அடிபட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோனபின் இறந்துபோகிறார். ஜிப்ஸியில் இருந்தவர்களில் ஒருவர் அன்று 25 வயதான கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து.

விசாரணை நீதிமன்றம் 1999இல் அவரை விடுவித்தது. 2006இல் உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 1,000 ரூபாய் அபராதமாகக் குறைத்தது. 2022 மே மாதம் மறுஆய்வு மனுவில் அதே நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் கொடுத்தது. நல்ல உடல்வலு உள்ளவரின் வெறுங்கையே ஆயுதமாகிவிடக்கூடும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வழி விடுவது பற்றிய சில நிமிடத் தகராறு, நீதிமன்றப் படிகளில் 33 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அதற்குள் சித்து விளையாடி ஓய்வு பெற்று, அரசியலுக்கு வந்து, அமைச்சராகவும் இருந்துவிட்டார். இறந்தவரின் வீட்டில் மட்டும் அந்த நாள் நகரவே இல்லை.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் தண்டனைக் கணக்கைத் தாண்டி ஒரு நொடியில் போய் நிற்கும். வண்டிக் கதவு திறந்து கால் தரையில் படுகிற நொடி. சாலையில் தற்காப்பு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதில் நம் கையில் இருப்பது மிகக் குறைவு.

வண்டியில் உட்கார்ந்தவுடன் சாதுவான மனிதனுக்குக்கூட ஏன் இத்தனை கோபம் வருகிறது? அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் காட்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டுநர்களிடம் பேசி இதை ஆராய்ந்து 1999இல் எழுதினார். வண்டி ஓட்டுகிறவன் ஒருவகையில் ஊமை என்பது அவர் கவனித்த முக்கியமான விஷயம். நடைபாதையில் ஒருவர்மீது மோதினால் முகத்தைப் பார்த்து ‘சாரிங்க’ என்று சொல்லிவிடுவோம், அவரும் ‘பரவாயில்லை’ என்பார். சாலையில் நமக்கு இருப்பது ஹார்னும் ஹெட்லைட்டும்தான். ‘கொஞ்சம் பார்த்துப் போங்க’ என்பதற்கும் ‘எவன்டா நீ’ என்பதற்கும் ஒரே ஹார்ன். கேட்கிறவர் எப்போதும் இரண்டாவதைத்தான் கேட்கிறார்.

நம் ஊர்ச் சாலையில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. பயம். வளைவில் எதிரே ஹை பீம் அடித்து வருகிற ஆம்னி பஸ், கையாட்டிய ஆளுக்காகச் சட்டென்று ஒதுங்குகிற ஷேர் ஆட்டோ, இடது பக்கம் சந்து கிடைத்தால் நுழைகிற பைக் என்று ஒரு மணி நேரப் பயணத்தில் நெஞ்சு எத்தனையோ முறை திக்கென்கிறது. அந்தத் திக்குதான் அடுத்த கணம் வாயில் வசவாக வருகிறது. ‘வூட்டுல சொல்லிக்கினு வந்தியா?’ என்று சென்னையில் ஆட்டோக்காரர் கத்தும்போது அவர் காலுக்கடியில் பிரேக் இன்னும் அழுந்தியே இருக்கும். ஒரு சாவைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு மீண்டவரின் கூச்சல் அது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து சாலையில் என்னைத் திட்டுகிறவர்மீது எனக்குப் பாதிக் கோபம்தான் வருகிறது. மீதிப் பாதி இருக்கத்தான் செய்கிறது. அதை என்ன செய்வது என்பதே கேள்வி.

ஒருமுறை, அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போய்விட்டு ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் பக்கம் வண்டிகள் ஊர்ந்தன. இடது பக்கம் நுழைந்த ஒரு பைக்கின் ஹேண்டில்பார் என் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் இடித்து அதை மடக்கியது. பைக் தடுமாறி, விழாமல் நின்றது. அடுத்த நிமிடம் அது என் பம்பருக்கு முன்னால் குறுக்கே நின்றிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்து பானெட்டில் ஓங்கி அடித்தான். “இறங்குடா கீழ!”

அம்மா கறுப்புக் கண்ணாடியோடு, யார், எங்கே என்று தெரியாமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “யாருப்பா அது?”

“ஒண்ணுமில்லம்மா. நீங்க சும்மா இருங்க.”

கதவு லாக் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணாடியை முழுக்க ஏற்றினேன். வண்டி முதல் கியரில், கிளட்ச் என் காலடியில் இருந்தது. அவன் முழங்காலுக்கும் என் பம்பருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. பதற்றத்தில் கால் நழுவினால் வண்டி ஒரு துள்ளு துள்ளும். அவன் கால் போய்விடும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. இரண்டு கைகளும் அவனுக்குத் தெரியும்படி ஸ்டீயரிங்மேல் இருந்தன. உள்ளங்கையைக் காட்டி, “சாரி தம்பி, அடி ஏதும் படலையே?” என்று உதடு தெரியச் சொன்னேன். இடித்தது அவர்கள்தான். அந்த நியாயத்தை நிலைநாட்ட ஊரப்பாக்கம் சரியான இடமாக எனக்குப் படவில்லை.

அவன் ஜன்னல் பக்கம் வந்தான். அம்மாவைப் பார்த்தான். பின்னால் பஸ்கள் விடாமல் ஹார்ன் அடித்தன. பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா, “வுடுப்பா, கண்ணு ஆபரேசன் பண்ணவங்க இருக்காங்க” என்று குரல் கொடுத்தார். கூரையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவன் பைக்கில் ஏறிப் போய்விட்டான். என் கைகள் அதன்பிறகுதான் நடுங்க ஆரம்பித்தன.

இதைப் பல வருடமாக டிராவல்ஸ் வண்டி ஓட்டும் ஓர் அண்ணனிடம் சொன்னேன். “உங்கள யாரும் இப்படி வம்புக்கு இழுத்ததில்லையாண்ணே?” என்றேன்.

“தினமும்தான் தம்பி. வண்டில இருக்கிற நாலு உசுரு என் பொறுப்பு. கண்டவனுக்குப் பதில் சொல்லிட்டு நிக்கவா அவங்க காசு குடுத்தாங்க?”

அவர் சொன்ன மூன்று விஷயங்களை அன்றிலிருந்து நான் விடாமல் கடைப்பிடிக்கிறேன். முதலாவது, சிக்னலில் நிற்கும்போது முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் நம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இடைவெளி விட வேண்டும். அந்த இடம் இருந்தால் ரிவர்ஸ் எடுக்காமலே ஒடித்து வெளியே வந்துவிடலாம். ஒட்டி நிற்கிறவன் சண்டை வந்தால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறான். இரண்டாவது, யாராவது பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகக் கூடாது. “நாமளே வீட்டக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்” என்றார். விளக்கும் ஆட்களும் கேமராவும் இருக்கிற பெட்ரோல் பங்குக்கோ, நேராகக் காவல் நிலையத்துக்கோ போய்விட வேண்டும். போகும்போதே 100க்கோ 112க்கோ கூட இருப்பவர் பேசலாம். மூன்றாவது, கண்ணாடியை இறக்கக் கூடாது. பேச வேண்டுமானால் விரல்கடை அளவு திறந்தால் போதும், குரல் போகும், கை வராது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? தற்காப்பு உரிமை நம் குற்றவியல் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதற்கானவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதாம். அநியாயமாகத் தாக்குகிறவன் முன் கோழையாக ஓடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. உச்ச நீதிமன்றம் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் இதை அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. உயிர் பயத்தில் இருப்பவன் தராசில் நிறுத்து அடிக்க வேண்டும் என்றும் நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் எல்லைகள் உண்டு. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் இருக்கும்வரைதான் உரிமையும் இருக்கும். அச்சம் நீங்கினால் அதுவும் நீங்கிவிடும். சாலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கண்ணாடியை உடைத்து, கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து ஒருவன் வெளியே இழுக்கிறான், நகர வழியில்லை என்றால், விடுபடுவதற்கு வேண்டிய அளவு நீங்கள் திருப்பி அடிப்பது தற்காப்பு. அவன் ஓடியபின் துரத்திப்போய் மறிப்பது தற்காப்பு ஆகாது. அந்தக் கணத்தில் தாக்குகிறவர் நீங்கள். பானெட்டுக்கு முன் நிற்பவன்மேல், ‘நகரலேன்னா ஏத்திடுவேன்’ என்று வண்டியைக் கிளப்புவது அதைவிட மோசம். சாலைச் சண்டையில் உள்ள மிகப் பெரிய ஆயுதம் ஓடுகிற வண்டிதான். ஒரு டன் இரும்பு அது. அவன் கையில் கல் இருந்தால்கூட இரண்டும் சமமில்லை.

சீட்டுக்கடியில் இரும்புக் கம்பி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ‘ஒரு பாதுகாப்புக்குத்தான்’ என்பார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கம்பி இருந்தால் கோபத்தில் கை முதலில் அதைத்தான் தேடும். வீல் ஸ்பேனரின் இடம் டிக்கி. பெப்பர் ஸ்பிரே பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2024இல் ஒரு தகராறில் அதைப் பயன்படுத்தியவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்த கர்நாடக உயர் நீதிமன்றம், அதையும் அபாயகரமான ஆயுதமாகவே பார்த்தது. இரவில் தனியே ஓட்டும் பெண் அதை வைத்திருப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து வரும்போது எடுக்க வேண்டிய பொருள் அது. வாய்ச்சண்டைக்குப் பதிலாக எடுத்தால் வழக்கு திசை மாறிவிடும். வண்டியில் பொருத்த வேண்டியது டேஷ் கேமரா. அது எதிராளியை மட்டும் படம் பிடிப்பதில்லை. நாம் என்ன செய்தோம் என்பதையும் பதிகிறது. கேமரா ஓடுகிறது என்ற நினைவே பல நேரம் நம் வாயை அடக்குகிறது.

விபத்து நடந்து ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் கணக்கு வேறு. அப்போது கதவைத் திறந்தே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமை ஆக்குகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் அதற்கு விலக்கும் தருகிறது. ஓட்டுநரை ஊர் கூடி அடிக்கும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது! இடித்து உயிர் போனபின் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டுவரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் புதிய பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் சொன்னதும் இதைத்தான்: ‘நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள்’. அந்தப் பிரிவு இப்போதைக்கு நடைமுறைக்கு வராமல் இருக்கிறது. உயிர் பயத்தில் விலகிப்போகிறவர் நேரே பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லி, 108க்கும் சொல்லிவிட்டால் அவர் தப்பி ஓடியவர் ஆகமாட்டார். அதேபோல, விபத்துக் கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஓங்கும் கையைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் இருந்தால், அடுத்த ஓட்டுநர் நின்று உதவுவார்.

இத்தனையும் கார்க்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன் என்பது எனக்கு உறைக்கிறது. சாப்பாடு டெலிவரி செய்யும் பையனுக்குப் பூட்டக் கதவு இல்லை, ஏற்றக் கண்ணாடி இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல், இருட்டில் நிற்காமல், நாலு பேர் நிற்கும் டீக்கடை வரை வண்டியை ஓட்டிப்போவதுதான் அவன் தற்காப்பு. மொழி தெரியாமல் வடக்கிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநருக்குக் காவல் நிலையம் அத்தனை எளிதில் நுழையும் இடமும் இல்லை. ஆகவே விட்டுக்கொடுப்பதில் ஒரு வரிசை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். யாரைச் சுற்றி இரும்பு அதிகமோ அவர் முதலில் பணிய வேண்டும். பஸ் காருக்கு, கார் பைக்குக்கு, எல்லாரும் நடக்கிறவருக்கு. நான் காட்டும் உள்ளங்கை எனக்கு எதையும் குறைப்பதில்லை. தோலும் எலும்புமாக வெளியே நிற்பவனுக்கு, ‘உன்னை இடிக்கும் எண்ணம் எனக்கில்லை’ என்ற ஒரே தகவலை அது கொண்டுபோகிறது. அவனுடைய கோபத்துக்கு அடியில் இருக்கும் பயத்துக்கு அதுதான் பதில்.

லைசென்ஸ் வாங்கப் போகிறவனுக்கு எட்டு போடச் சொல்லித்தருகிறோம். ரிவர்ஸ் எடுக்கவும், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் கிளப்பவும் சொல்லித்தருகிறோம். ஒருவன் பானெட்டில் அடித்து ‘இறங்குடா’ என்று கத்தும்போது என்ன செய்வது என்பதை எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் சொல்லித்தருவதாக நான் கேள்விப்படவில்லை. அரை மணி நேரப் பாடம் போதும். பயிற்சியாளரே வெளியே நின்று கூரையைத் தட்டட்டும், கத்தட்டும். உள்ளே இருப்பவன் லாக்கைப் பார்த்து, நியூட்ரலுக்கு வந்து, கையைக் காட்டி, போனில் 112 அழுத்திப் பழகட்டும். பழகாத நிதானம் அவசரத்துக்கு வராது. பிரேக்கைப் போல அதுவும் காலுக்கும் கைக்கும் பழகியிருக்க வேண்டும். அடுத்த முறை பிள்ளையை டிரைவிங் ஸ்கூலில் சேர்க்கும்போது இந்தப் பாடம் உண்டா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்கள்.