என் தலை, என் இஷ்டம்

"என் தலை, என் உசிரு. போலீஸுக்கு என்னா?" ஈப்போவில் ஹெல்மட் சம்மன் வாங்கிய நண்பர்கள் எல்லாருமே இதைச் சொல்லியிருக்கிறார்கள். மலேசியாவில் 1973-லிருந்து மோட்டாருக்கு ஹெல்மட் கட்டாயம். தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு உண்டு. நம்பிக்கைக்காகச் சட்டம் கொஞ்சம் வளையவும் செய்கிறது.

இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. பொறியியல் படித்தவன்; தலை தாரில் மோதினால் என்னாகும் என்று தெரியும். உறுத்துவது வேறு.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பாட்டி மருந்தடித்தார். முதுகில் பம்ப்பு, முகத்தில் பழைய துண்டு, வெறும் கை. பாரகுவாட். நகமெல்லாம் நிறம் மாறி உதிருமாம்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல பாட்டி?"

"சொல்லிட்டு எங்க போறது? குடியிருந்த வீடே தோட்டத்து வீடுய்யா."

இதில் எது சொந்த விருப்பம்? அந்த மருந்துக்கு 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020-இல்தான் முழுத் தடை வந்தது. மோட்டாரில் போகிற தலையை 1973-லேயே கவனித்த அரசுக்கு, பம்ப்பு பிடித்த கையைப் பார்க்க இன்னும் 47 வருசம். அதற்குள் பாட்டி தோட்டத்தைவிட்டே வந்துவிட்டார்.

இப்போது என் மோட்டாரில் ஏறினால் ஹெல்மட்டை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். வாரை மட்டும் நான் மாட்டிவிட வேண்டும். விரல் மடங்காது.