விருந்தாளி என்னும் பெயர்

பெயர்களுக்குப் பொருள் தேடுவதில் எனக்குச் சிறு வயது முதற்கொண்டே ஒரு பித்து உண்டு. பெரியசாமி என்று பெயர் பூண்டு ஐந்தடிக்கு மேல் வளராதவர்களையும், சாந்தா என்ற பெயருடன் தெருவையே கிடுகிடுக்க வைக்கும் அம்மாள்களையும் நேயர்களும் பார்த்திருப்பார்கள். ஆகையால் பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்ப்பது வீண் வேலை என்பது என் வீட்டாரின் அபிப்பிராயம். ஆனாலும் ஒரு பெயர் மட்டும் சில காலமாக என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. அது முகமது டெய்ஃப் என்பது.

காஸாவிலிருந்த ஹமாஸ் இயக்கத்தின் ஆயுதப் படைக்கு இருபத்திரண்டு ஆண்டு காலம் தலைமை வகித்தவர் அவர். டெய்ஃப் என்பது அவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயரன்று. அவர்கள் இட்டது முகமது தியாப் இப்ராஹிம் அல்-மஸ்ரி என்பதாகும். டெய்ஃப் என்றால் அரபு பாஷையில் விருந்தாளி என்று பொருள். ஒரு வீட்டில் ஓர் இரவு, மறு வீட்டில் மறு இரவு என்று ஓயாமல் ஜாகை மாற்றிக் கொண்டிருந்தபடியால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக் கொண்டதாம்.

இதைப் படித்தவுடன் எனக்கு 'அதிதி' என்ற சொல் நினைவுக்கு வந்தது. திதி பார்த்து வராதவன் எவனோ அவனே அதிதி என்று பெரியவர்கள் பொருள் சொல்லுவார்கள். 'விருந்து' என்னும் தமிழ்ச் சொல்லுக்கோ ஆதியில் புதுமை என்பதே பொருள். எப்போது வருவான் என்று தெரியாது, வந்தால் புதியவன், எப்போது போவான் என்று கேட்கவும் கூடாது. என் பாட்டியார் இருந்தவரை எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். அந்த மூன்று லட்சணங்களும் பொருந்திய ஒரு விருந்தாளி ஆயுதம் தாங்கியவராகவும் இருந்தால், அவருக்குக் கதவு திறந்து விட்ட வீட்டின் கதி என்ன? சரித்திரத்தில் பெரிய எழுத்தில் வராத இந்தக் கேள்விதான் என்னை வதைத்துக் கொண்டிருக்கிறது.

முதலில் அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1948-ஆம் ஆண்டு யுத்தத்தில் தங்கள் கிராமங்களை விட்டு லட்சக்கணக்கான பாலஸ்தீன ஜனங்கள் வெளியேற நேர்ந்தது. அவ்வாறு வந்த குடும்பம் ஒன்றில், கான் யூனிஸ் அகதி முகாமிலே, 1965-இல் அவர் பிறந்தார். அகதி முகாம் என்பதே விருந்தினர் விடுதி போன்றதுதான்; வந்தவர்கள் திரும்பிப் போக முடியாத விடுதி. தந்தைக்குச் சொந்தமான ஊர் ஒன்று இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்து, அந்த ஊரில் ஒரு நாளும் குடியிருக்காத பிள்ளைகள் அங்கே நிறைந்திருந்தார்கள். இயற்பெயர் எதுவானாலும் பிறக்கும்போதே அவர் விருந்தாளிதான் என்று சொன்னால் மிகையாகாது.

காஸாவின் இஸ்லாமியப் பல்கலைக் கழகத்தில் அவர் விஞ்ஞானம் படித்தார். அங்கே கலை நிகழ்ச்சிகளை நடத்தும் குழுவுக்குத் தலைவராக இருந்தார்; மேடை ஏறி நாடகத்தில் நடித்தார். அதிலும் ஹாஸ்ய நாடகம்! பிற்காலத்தில் தம் முகத்தையே உலகத்துக்குக் காட்டாமல் மறைத்துக் கொண்ட மனிதர், வாலிபத்தில் விளக்கு வெளிச்சத்தில் நின்று சபையோரைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

1987-இல் முதல் இந்திஃபாதா என்னும் கிளர்ச்சி மூண்டபோது ஹமாஸில் சேர்ந்தார். 1989-இல் இஸ்ரேல் அவரைச் சிறைப் பிடித்துப் பதினாறு மாதம் வைத்திருந்தது. வெளியே வந்தபின், 1935-இல் பிரிட்டிஷ் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட இஸ்ஸதீன் அல்-கஸ்ஸாம் என்ற மதபோதகரின் பெயர் தாங்கிய படைப் பிரிவில் முக்கியஸ்தரானார். 1996 ஜனவரியில் அப்படையின் வெடிகுண்டு நிபுணர் யஹ்யா அய்யாஷ், காதில் வைத்த கைத் தொலைபேசியே வெடித்து மாண்டார். அடுத்த சில வாரங்களில் ஜெரூஸலத்தின் 18-ஆம் நம்பர் பஸ் ஒரு முறையல்ல, இரண்டு முறை வெடித்துச் சிதறியது. காலையில் வேலைக்குப் புறப்பட்டவர்களில் 40-க்கு மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. அந்தத் தாக்குதல்களுக்குத் திட்டமிட்டவர் டெய்ஃப் என்பது இஸ்ரேலின் குற்றச்சாட்டு. 2002 ஜூலையில் அப்போதைய தளபதி ஸலாஹ் ஷெஹாதே இருந்த வீட்டின்மேல் ஒரு டன் எடையுள்ள குண்டு விழுந்தது. அவருடன் பல குழந்தைகளும் மடிந்தார்கள். காலியான ஸ்தானத்துக்கு டெய்ஃப் வந்தார். ராக்கெட்டுகளும் பூமிக்கடியில் சுரங்கப் பாதைகளும் பெருகியது அவர் காலத்திலேதான்.

அவருடைய போட்டோக்களாக உலகம் நெடுங்காலம் அறிந்திருந்தவை மூன்றே. ஒன்று இருபது வயதை ஒட்டிய வாலிபர். மற்றொன்று முகமூடி அணிந்தவர். மூன்றாவது வெறும் நிழல். இந்தக் காலத்துத் தொலைபேசிகளை அவர் தொடுவதே இல்லை என்றும் சொல்லுவார்கள். அய்யாஷின் கதி தெரிந்தவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இதையெல்லாம் படிக்கும்போது உள்ளூர ஒரு சுவாரசியம் தட்டத்தான் செய்கிறது. துப்பறியும் நாவல்களும், மாறுவேடம் பூண்ட ராஜகுமாரர் கதைகளும் படித்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? பிடிபடாதவன் என்றால் நமக்கு ஒரு மயக்கம். ஏழு தடவைக்குக் குறையாமல் கொல்ல முயன்றும் தப்பினார், ஒரு கண் போயிற்று, ஆனாலும் உயிர் போகவில்லை என்று கேட்டால், "பூனைக்கு ஒன்பது உயிராமே!" என்று வியக்கிறோம். அந்த வியப்பு வரும்போதெல்லாம், அவர் தப்பிய வீடுகளின் பக்கம் என் மனத்தை நான் வலிந்து திருப்பிக் கொள்கிறேன்.

2006 ஜூலை மாதத்தில் ஒரு நள்ளிரவு. காஸா நகரத்தின் ஒரு வீட்டில் அவர் இருப்பதாகத் தெரிந்து இஸ்ரேல் விமானம் குண்டு போட்டது. அவர் பலத்த காயத்துடன் பிழைத்தார். அந்த வீட்டுத் தம்பதிகளும் அவர்களுடைய ஏழு குழந்தைகளும் பிழைக்கவில்லை. 2014 ஆகஸ்டில் மற்றொரு வீடு. இந்தத் தடவை அவருடைய மனைவியும், மூன்று வயதுப் பெண்ணும், ஏழு மாதக் கைக்குழந்தையும் இறந்தார்கள். இடம் கொடுத்த குடும்பத்திலும் சாவு விழுந்தது. விருந்தாளி மட்டும் மறுபடியும் தப்பினார்.

இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்படும்போது அந்த வீட்டுத் தலைவி என்ன நினைத்திருப்பாள்? சிலர் பெருமையுடன் திறந்திருக்கலாம். சிலர் மறுக்க அஞ்சித் திறந்திருக்கலாம். ஆனால் தொட்டிலில் தூங்கிய குழந்தையை யாரும் கேட்டிருக்க முடியாது. சாப்பிட வருகிறவர் தம்முடன் யமனையும் அழைத்து வருகிறார் என்பது அக்குழந்தைக்குத் தெரியாது. அதே சமயம் ஆகாயத்திலிருந்து குண்டு போடுகிறவரும் அந்தத் தொட்டிலைக் கண்ணால் காண்பதில்லை. உள்ளே ஒரே ஒருவரைத்தான் அவர் தேடுகிறார். மற்றவர்கள் கணக்கில் வருகிறார்களே தவிர, கண்ணில் வருவதில்லை. ஒளிந்திருந்தவர், ஒழிக்க வந்தவர் ஆகிய இரு சாராரும் அந்த வீட்டை வீடாகப் பார்க்கவில்லை என்பதே எனக்குத் தோன்றுகிறது.

2023 அக்டோபர் 7-ஆம் தேதி காலையில், நிழலுருவத்தின் பின்னணியில் அவருடைய குரல் ஒலிப்பதிவாக உலகத்துக்குக் கேட்டது. அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். வயோதிகர், குழந்தைகள் உட்பட 251 பேர் பணயமாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கும் விடியற்காலையில் வீடுகளின் கதவுகள்தான் முதலில் உடைக்கப்பட்டன. பிறகு காஸாவில் நடந்த யுத்தத்தில், 2025 ஜனவரி முடிவதற்குள் இறந்தவர்கள் 47,000-க்கு மேல் என்பது அங்குள்ள சுகாதார இலாகாவின் கணக்கு. ஊர் முழுவதுமே விருந்தாளியின் வீடாகி விட்டது.

2024 ஜூலை 13-ஆம் தேதி, கான் யூனிஸை அடுத்த அல்-மவாஸியில் அவர் முடிவு நேர்ந்தது. வீடிழந்த ஜனங்கள் தங்கலாம் என்று இஸ்ரேலே குறித்துக் கொடுத்திருந்த இடம் அது. அன்று குறைந்தது 90 பேர் மாண்டதாகச் சுகாதார இலாகா தெரிவித்தது. அவர் இறந்தது நிச்சயம் என்று இஸ்ரேல் ஆகஸ்ட் முதல் தேதி அறிவித்தது. ஹமாஸோ 2025 ஜனவரி 30 வரை ஒப்புக் கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் சாவும் அவருக்கு ஒரு மறைவிடமாயிற்று. இதனிடையே, 2024 நவம்பர் 21-ஆம் தேதி ஸர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், இஸ்ரேலின் பிரதம மந்திரி நெத்தன்யாஹு மீதும் முன்னாள் ராணுவ மந்திரி காலண்ட் மீதும் வாரண்டு பிறப்பித்தது. அதே நாளில் டெய்ஃப் மீதும் வாரண்டு பிறந்தது. அவர் உயிருடன் இருக்கிறாரா என்று நீதிபதிகளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. 2025 பிப்ரவரியில் அவர் மீதிருந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது. இறந்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா?

ரகசியத்தில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். முகத்தை மறைத்துக் கொண்டவர் எதிரியின் கண்ணிலிருந்து மட்டும் மறைவதில்லை. கேள்வி கேட்க உரிமை உள்ள எல்லோரிடமிருந்தும் மறைகிறார். 18-ஆம் நம்பர் பஸ்ஸில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. அவருக்காகத் தன் வீடும் மக்களும் மண்ணாகப் போன காஸாத் தாயும் கேட்க முடியவில்லை. அவருடைய ஜனங்கள் பட்ட அநியாயம் உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அநியாயத்தைக் காட்டி என்னென்ன செய்யலாம், யாருடைய உயிரை வைத்துச் செய்யலாம் என்பதை முகமற்ற ஒருவர் தனியே தீர்மானிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

அவரைப் பற்றிப் புத்தகங்கள் வரலாம். கதைகள் இன்னும் பெருகலாம். எழுதுகிறவர்கள் அவர் தப்பிய இரவுகளை எண்ணும்போது, ஒவ்வோர் இரவுக்கும் எதிரே அந்த வீட்டிலிருந்தவர்களின் பெயர்களையும் வயதையும் எழுதி வைப்பார்களாக! ஏழு மாதம், மூன்று வயது என்று அந்தப் பட்டியல் தொடங்கும்.