பெயரைக் கேட்பதற்கு முன்

நடைபாதையில் வாழும் ஒருவரை அணுகும் எவரும் முதலில் கேட்பது பெயரைத்தான். மொழி கற்பிக்கும் நூல்களில் அதுவே முதல் பாடத்தின் முதல் வினா. ஆனால் காவலர், மருத்துவமனை எழுத்தர், காப்பகக் கண்காணிப்பாளர் என ஒவ்வொருவரும் அதே வினாவோடு வந்து, அதன் பின் எதையோ பறித்துச் சென்றதைக் கண்டவருக்கு அது வினா அன்று, வரப்போவதன் முன்னறிவிப்பு.

கொல்கத்தாவில் 2007 முதல் இயங்கும் ஈஸ்வர் சங்கல்பா அமைப்பின் பணியாளர்கள், வீடற்ற மனநோயாளர்களை அவர்கள் வாழும் தெருவிலேயே சந்திக்கின்றனர். தேநீர்க் கடைக்காரரும் அக்கம்பக்கத்தவரும் அங்கே பராமரிப்பாளர்களாகின்றனர். சிகிச்சை அறை, மேசை, நாற்காலி எதுவும் இல்லாத இத்தகைய களத்தில் தேர்ந்த உளவியலாளர் தொடக்க நாட்களில் வினவுவதே இல்லை. நின்றபடி பேசாமல் தரையில் அமர்கிறார். அதே கிழமை, அதே நேரத்தில் மறுபடியும் வருகிறார். முதியவள் என்றால் 'மாஷிமா' என்று அழைக்கிறார். வங்காளத்தில் தாயின் தமக்கை தங்கையரை அழைக்கும் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி வசதி உண்டு: பெயரைக் கேட்டுப் பெறாமலேயே ஒருவருக்கு மதிப்பான ஓரிடத்தை அளித்துவிடுகிறது. உறவுப் பெயர்களைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் ஏராளம். இந்தப் பயன் அவற்றில் அரிதாகவே தென்படுகிறது.

'உனக்கு என்ன கோளாறு' என்பதை விடுத்து 'உனக்கு என்ன நேர்ந்தது' என்று கேட்க வேண்டும் என்பதே மனக்காயம் அறிந்த பராமரிப்பின் சுருக்கமாகப் பலராலும் சொல்லப்படுகிறது. மாற்றம் நல்லதுதான். ஆயினும் இரண்டும் வினாக்களே; இரண்டாவது இறந்த காலத்தில் அமைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட 'டிராமா அண்ட் ரிகவரி' நூல், மீட்சியின் முதற்கட்டமாகப் பாதுகாப்பை வைக்கிறது. நினைவுகூர்தலும் துயரம் கொள்ளலும் அதன் பின்னரே. வீட்டுக்குத் திரும்பிவிட்டவருக்கு இந்த வரிசை பொருந்துகிறது. நேற்றிரவு உதைத்து எழுப்பப்பட்டு, இன்றிரவும் அவ்வாறே எழுப்பப்படக்கூடியவருக்கு எது 'நேர்ந்தது', எது 'நேர்கிறது'? தமிழில் 'அதிர்ச்சி' என்ற சொல் இங்கே போதாது. அது ஒரு கணத்தில் நிகழ்ந்து அடங்குவது. 'காயம்' சற்றுப் பொருந்துகிறது, அதுவும் ஆறுவதற்கு இடம் கிடைத்தால்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் வீடற்றவர்களை எண்ணியது; ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்றது. வெளிச்சத்துக்கும் சீருடைக்கும் அஞ்சி இருளில் ஒதுங்கி உறங்கும் பெண்கள் அந்த ஓரிரவில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருப்பர்?

சட்டத்தின் மொழிக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய 1959ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்தோடு ஒப்பிட்டால் மனிதத்தன்மை மிக்கது, ஐயமில்லை. அலைந்து திரியும் மனநோயாளரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கலாகாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்கிறது அதன் 100ஆம் பிரிவு. அதே பிரிவு மற்றொன்றையும் சொல்கிறது: வீடற்ற நிலையில் இருக்கும் மனநோயாளர் குறித்துக் 'காணாமல் போனவர்' என முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும், அவர் குடும்பத்தைத் தேடிக் கண்டறிந்து தகவல் தெரிவிக்க வேண்டியது நிலைய அதிகாரியின் கடமை.

எதிரே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருப்பவர் காணாமல் போனவர் ஆகிறார். யாருடைய கண்ணுக்குக் காணாமல்? வழிதவறி வந்தவருக்கு அந்தப் பிரிவு வரம். அடிதாங்காமல் நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறிய பெண்ணுக்கோ, யாரிடமிருந்து தப்பினாளோ அவர்களிடமே தகவல் போய்ச் சேரும் வழி. ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் அவள் வாய் மூடிக்கொள்கிறது. மருத்துவக் குறிப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்றோ 'பேச மறுக்கிறார்' என்றோ எழுதப்படும் அந்த மௌனம் நோய்க்குறியாக மட்டும் படிக்கப்பட வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்கு அதுவே தெளிவான விடையாகவும் இருக்கலாம். அதை அவ்வாறு படிக்கத் தெரிந்த ஒருவர் அறையில் இருக்கிறாரா என்பதில் அவள் எங்கே அனுப்பப்படுவாள் என்பது அடங்கியிருக்கிறது.

தொலைமாநிலத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்களின் நிலை இன்னும் சிக்கல். கேட்பவருக்குத் தெரியாத மொழியில் பேசப்படும் பேச்சு, தொடர்பற்ற பேச்சாக ஏட்டில் ஏறிவிடுவது எளிது. அம்மொழி அறிந்த ஒருவர் வந்து இரண்டு வாக்கியம் பேசியதும் அதே வாய் ஊரையும் ஆற்றையும் சொல்லத் தொடங்கும். மொழிபெயர்ப்பாளருக்குச் செலவழிக்க நிதி ஒதுக்காத திட்டங்கள் மருந்துக்கு ஒதுக்குவது, கணக்கு வழக்கிலும்கூடச் சிக்கனம் அன்று.

'மீட்கப்பட்டார்' என்ற செயப்பாட்டு வினை அறிக்கைகளில் தாராளமாகப் புழங்குகிறது. மீட்கப்படுபவர் காண்பது வேறு: வண்டி, அறியாத கைகள், சேர்த்த அன்றே மழிக்கப்படும் தலை, குப்பையில் எறியப்படும் மூட்டை. அழுக்குத் துணியும் காகிதமும் நிறைந்த அந்த மூட்டையில்தான் அவருடைய உடைமை முழுவதும் இருந்தது. பேனும் புண்ணும் உள்ள தலையை மழிக்க வேண்டிய தேவை உண்மைதான். ஆனால் முன்கூட்டிச் சொல்வது, கண்ணாடி காட்டுவது, இன்று வேண்டாம் என்றால் நாளைவரை பொறுப்பது ஆகியவற்றுக்கு எந்த நிபுணத்துவமும் தேவையில்லை. நேரமும் ஆளும் தேவை. (பயிலரங்குகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்கள்; இரவு பத்து மணிக்குக் கதவைத் திறக்கும் காவலாளியோ, குளிப்பாட்டும் உதவியாளரோ அங்கே அழைக்கப்படுவது அரிது.) கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து பூட்டுகிறதா என்பதும் இந்தப் பராமரிப்பின் கேள்விதான்.

இவ்வாறான ஓரிடத்தில் மூட்டைகளுக்கென ஓர் அலமாரி அமைவதாக வைத்துக்கொள்வோம். சாவி உரியவரிடமே இருக்கும். முதல் சில நாட்கள் அவர் அதை மணிக்கொரு முறை திறந்து பார்ப்பார். பிறகு நாளுக்கு இருமுறை. பெயரேடு இன்னும் நிரப்பப்படாமல் இருக்கும். அலமாரியின் மீது வெறும் எண் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணின் கீழே எழுத வேண்டிய பெயரை, ஒரு பிற்பகலில், கேட்காமலேயே அவர் சொல்வார். அது அவர் பிறந்தபோது இட்ட பெயராகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.